பிரிட்டன் நாடாளுமன்றத்தின் ஆயுத ஏற்றுமதிக் கண்காணிப்பு: கரூரிலிருந்து ஒரு விமர்சனம்

விலை இலவசம். மொழி ஆங்கிலம் மட்டும். டெலிவரி எப்போதும் தாமதம். இவ்வளவு குறை இருந்தும், ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சாப்பாட்டுக் கடைக்கும் மிக்சிக்கும் எழுதுகிற மாதிரி ஒரு நாடாளுமன்றக் குழுவுக்கு விமர்சனம் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம். அதுவும் ஒரு சேவைதான். பொதுமக்களுக்காக நடத்துகிறோம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று தோன்றும். கரூரில் கொசுவலை செய்யும் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதி டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். எங்கள் சரக்கு கடைக்குப் போவது குறைவு. மருந்து ஏற்றிய வலையாகச் செய்து, உதவி அமைப்புகளின் டெண்டருக்குப் பேல் பேலாகக் கட்டி, தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்புகிறோம். பேல் மேல் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூன்றிலும் எண்ணிக்கை ஒத்துப் போக வேண்டும். லாட் நம்பரில் ஒரு எழுத்து மாறினால்கூட இன்ஸ்பெக்ஷன்காரர் சரக்கை நகர விடமாட்டார். ஏமன், சூடான் என்று சேருமிடம் டைப் செய்யும்போதெல்லாம் ஒரு யோசனை வரும். கொசுவலைக்கே இத்தனை காகிதம் என்றால், அதே ஊர்களுக்குப் போகும் குண்டுக்கு எத்தனை காகிதம்? அதை யார் சரிபார்க்கிறார்கள்?

அப்படித் தேடிப் போனதில்தான் இது கிடைத்தது.

சேவையின் பிறப்பு சுவாரசியமானது, கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. இங்கிலாந்தின் கவெண்ட்ரியில் மேட்ரிக்ஸ் சர்ச்சில் என்று மெஷின் டூல் கம்பெனி ஒன்று இருந்தது. சதாம் உசேனின் இராக்குக்கு இயந்திரங்கள் விற்றது. ஆயுதம் செய்யப் பயன்படும் என்பதை மறைத்து ஏற்றுமதி உரிமம் வாங்கினார்கள் என்று அதன் நிர்வாகிகள் மேல் வழக்கு. 1992-ல் விசாரணை நடுவிலேயே வழக்கு நொறுங்கிவிட்டது, அரசுக்கே எல்லாம் தெரிந்திருந்தது என்று வெளிவந்ததால். நீதிபதி ஸ்காட் விசாரித்து 1996-ல் அறிக்கை கொடுத்தார். நாடாளுமன்றத்துக்கு உண்மை சொல்லப்படவில்லை என்பது அதில் வெட்டவெளிச்சமானது. அதற்கப்புறம் 1999-ல் நான்கு நிலைக்குழுக்கள் ஒன்றாக உட்கார்ந்து ஆயுத ஏற்றுமதியைப் பார்க்கத் தொடங்கின: பாதுகாப்பு, வெளியுறவு, வணிகம், சர்வதேச வளர்ச்சி. 2002-ல் புதிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008-ல் குழுவுக்கு ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் என்று பெயர் மாறியது.

நான்காவது பெயரைக் கவனியுங்கள். சர்வதேச வளர்ச்சி என்றால் அவர்கள் பாஷையில் அரிசி, மருந்து, கூடாரம், கொசுவலை. என் துறை. விற்கிறவர்களும் சண்டையைத் திட்டமிடுகிறவர்களும் உட்காரும் மேசையில், அந்தச் சண்டையில் அகப்பட்டவர்களுக்குச் சோறு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு நாற்காலி. இந்தச் சேவையில் எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். அதுதான் பிற்பாடு போய்விட்டது, அதை அப்புறம் சொல்கிறேன்.

வேலை நடக்கும் விதம் இப்படி. எந்த நாட்டுக்கு, எந்த வகைப் பொருளுக்கு, எவ்வளவு மதிப்புக்கு உரிமம் கொடுத்தோம் என்று பிரிட்டன் அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடும். வருடாந்திர அறிக்கை தனி. குழு அதைப் படித்து, அமைச்சர்களையும் ஆயுத வணிகத்தை எதிர்க்கும் அமைப்புகளையும் கம்பெனிக்காரர்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, அறிக்கை எழுதும். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும். கேள்வி பதில் முழுவதும் வார்த்தைக்கு வார்த்தை படிக்கக் கிடைக்கிறது. அமைச்சர் எங்கே மழுப்புகிறார் என்பது அதில் நன்றாகவே தெரியும். படிக்கப் படிக்கச் சீரியல் மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

பட்டியலைப் படிக்க டாக்குமெண்டேஷன் கண் வேண்டும். உரிமம் வேறு, ஷிப்மெண்ட் வேறு. அதில் இருப்பது அனுமதித்த மதிப்பு. எவ்வளவு கப்பலேறியது என்பது அதிலிருந்து தெரியாது. எங்கள் ஆபீசில் ஆர்டர் கன்ஃபர்மேஷனை மட்டும் காட்டி, சரக்கு போய்விட்டது என்றால் முதலாளி சிரிப்பார். இன்னொன்று, திறந்த உரிமம் என்று ஒரு வகை உண்டு. ஒரு தடவை வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அதற்குப் பட்டியலில் மதிப்பே கிடையாது. ஆக, பெரிய ஓட்டை பட்டியலின் அமைப்பிலேயே இருக்கிறது.

தப்பாகப் படிக்கவும் வழி உண்டு. போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, 2013-ல், இலங்கை என்ற தலைப்பின் கீழ் துப்பாக்கி உரிமங்கள் ஏராளமாக இருந்தன. பார்த்தவர்களுக்குத் திக்கென்றிருந்தது. குழு கேட்டது. அரபிக்கடல் பக்கம் கப்பல் கொள்ளையரைத் தடுக்கப் போகும் தனியார் காவல் நிறுவனங்களுக்கானவை, அவற்றை இலங்கையில் இருப்பு வைப்பதற்காக அந்தப் பெயர் வந்தது என்று அரசு விளக்கம் கொடுத்தது. விளக்கம் சரியோ தப்போ, கேட்க ஆள் இருந்ததால் விளக்கம் என்று ஒன்று வந்தது.

நான் உட்கார்ந்து முழுதாகப் படித்தது 2009 ஆகஸ்டில் வந்த அறிக்கை. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து மூன்று மாதம். இலங்கை பற்றி அதில் சில பத்திகள்தான் இருக்கின்றன. சாரம் இது: 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, நிலைமை அமைதியாகத் தெரிந்தது, அதனால் உரிமங்கள் கொடுக்கப்பட்டன, ஒரு நாட்டில் இப்போது அமைதி இருப்பதை வைத்து நாளைக்கு அந்த ஆயுதம் எப்படிப் பயன்படும் என்று கணிப்பது கடினம் என்பதற்கு இலங்கையே உதாரணம். இலங்கைக்கான எல்லா உரிமங்களையும் மறுபரிசீலனை செய்யுங்கள், சமீபத்திய சண்டையில் பிரிட்டன் கொடுத்த ஆயுதம், வெடிபொருள், உதிரிபாகம் எதெல்லாம் பயன்பட்டது என்று மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று அரசைக் குழு கேட்டது.

நல்ல கேள்வி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எங்கள் கம்பெனியில் வலை ஓரம் தைக்கும் பிரிவில் ராயனூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். 2021-க்குப் பிறகு அரசுக் காகிதத்தில் மறுவாழ்வு முகாம்; ஊர்வாயில் இன்னும் அகதி முகாம்தான். சிறு வயதில் வந்தவள், சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வன்னியிலேயே இருந்துவிட்டார்கள். மதியம் நான் இதை பிரிண்ட் எடுத்து வைத்துப் படிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அக்கா, அந்த லிஸ்டில எங்கட ஊர்ப் பேர் ஏதும் இருக்கோ?”

அவள் ஊர் புதுக்குடியிருப்பு. உரிமப் பட்டியலில் ஊர் கிடையாது, நாடுதான் உண்டு என்றேன். “அப்ப யாருக்கு அனுப்பினது எண்டு எழுதி, எங்க விழுந்தது எண்டு எழுதேல்லையா?” என்றாள். கணக்குப் பார்க்கத் தெரிந்த கேள்வி. எங்கள் பேல் எந்த மாவட்டக் கிடங்கில் இறங்கியது என்பதற்குக்கூட ரசீது வரும்.

ஊர்ப் பெயர்கள் வேண்டுமென்றால் வேறு கோப்புக்குப் போக வேண்டும். ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கையில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை இருக்கிறது, சுதந்திரபுரம் இருக்கிறது, புதுமாத்தளன் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடு அதில்தான் வருகிறது. நிவாரணம் எப்படிப் பிசகியது என்பதும் அதில் இருக்கிறது. 2008 செப்டம்பரில் ஐ.நா. தன் சர்வதேச ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. உணவு வண்டித் தொடர்கள் ஜனவரி வரை போயின, பிறகு நின்றன. அப்புறம் காயம்பட்டவர்களைக் கடல் வழியாக எடுத்துப் போனது செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்திய ‘கிரீன் ஓஷன்’ கப்பல். தமிழ்நாட்டில் திரட்டிய நிவாரணப் பொருள்களும் 2008 நவம்பரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத்தான் போயின. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு 2009 மார்ச்சில் கூடாரம் போட்டது.

என்னை உறைய வைத்த விஷயம் எண்ணிக்கை. போர்ப் பகுதியில் ஏறத்தாழ 70,000 பொதுமக்கள்தான் என்று 2009 பிப்ரவரியில் இலங்கை அரசு சொன்னது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000-க்கும் மேல். இதை அரசியலாகப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், நான் பேக்கிங் லிஸ்டாகத்தான் பார்க்கிறேன். 70,000 என்று மேலே டைப் செய்தால் கீழே அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் 70,000-க்குத்தான் கணக்காகும். மீதிப் பேர் லிஸ்டிலேயே இல்லை. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னது நிவாரணத்தைக் குறைக்கத்தான் என்று நிபுணர் குழுவும் எழுதியிருக்கிறது. ஐ.நா. தன் பங்குத் தவறுகளைத் தானே விசாரித்து 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையும் படிக்க வேண்டியது. பெரிய அமைப்பு ஒன்று தன்னைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதிக்கொள்வது அபூர்வம்.

இப்போது குண்டு லிஸ்ட் லண்டனில், அரிசி லிஸ்ட் நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும். இரண்டையும் ஒரே ஆள் பார்க்கும் இடமாக இருந்தது அந்த நான்கு குழு மேசைதான். அது எவ்வளவு தாங்கும் என்பது ஏமனில் தெரிந்தது.

சவுதி கூட்டணி 2015 மார்ச்சில் ஏமனில் குண்டுவீசத் தொடங்கியது. விமானங்களிலும் குண்டுகளிலும் பிரிட்டன் சரக்கு கணிசம். அதே பிரிட்டன் ஏமனுக்கு நிவாரணப் பணமும் கொடுத்தது. அந்த வருடம் பொதுத்தேர்தல் வந்ததில் குழு கலைந்து, மறுபடி உருவாக 2016 தொடக்கம் ஆகிவிட்டது. போரின் முதல் வருடம் பெரும்பாலும் மேசை காலி! ஒருவழியாக உட்கார்ந்ததும் சண்டை வந்தது. 2016 செப்டம்பரில் வணிகக் குழுவும் சர்வதேச வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து, சவுதிக்கு ஏமனில் பயன்படக்கூடிய ஆயுதங்களை நிறுத்துங்கள் என்றன. இது பற்றிய வழக்கில் நீதிமன்றம் சொல்லும் வரை பொறுப்போம் என்ற நிலையில் வெளியுறவுக் குழு தனி அறிக்கை போட்டது. ஒரே சாட்சியம், இரண்டு முடிவு. வியாபாரத்தைக் கவனிக்க வேண்டிய குழு நிறுத்து என்றதும், மற்றது பொறு என்றதும் எனக்கு ஆச்சரியம்தான். சோற்றுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வியாபாரிக்கும் கணக்கு மாறும்போல.

2019 ஜூன் 20 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், நடந்த தாக்குதல்களில் போர்ச்சட்ட மீறல் இருந்ததா என்று மதிப்பிடாமலேயே உரிமம் கொடுத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. புதிய உரிமங்கள் நின்றன. 2020 ஜூலையில், மதிப்பிட்டுப் பார்த்தோம், இருந்தவை தனித்தனிச் சம்பவங்கள்தான் என்று சொல்லி அரசு மறுபடி திறந்துவிட்டது. 2021 மார்ச்சில் ஏமனுக்கான நிவாரண வாக்குறுதி முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழப் பாதியாகி 87 மில்லியன் பவுண்டுக்கு வந்தது. முதல் செய்தி ஆயுதப் பக்கம், இரண்டாவது நிவாரணப் பக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் உறைக்கிறது.

ஆகவே என் மதிப்பெண்: கேள்வி கேட்பதற்கு ஐந்துக்கு நான்கு. தடுப்பதற்கு ஒன்று. அந்த ஒன்றும் முழுதாகக் கொடுக்கத் தயக்கம். சரக்கு போகும் முன் இந்தக் குழுவிடம் யாரும் கேட்பதில்லை, போன பிறகுதான் லிஸ்ட் வரும். அமெரிக்காவில் பெரிய விற்பனைகளை முன்கூட்டியே காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. அது மேல் என்று நினைத்தேன். 2019-ல் சவுதி விற்பனையைத் தடுத்து இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டன; டிரம்ப் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினார்; அதை மீறும் அளவுக்கு செனட்டில் ஓட்டு இல்லை. முன்னால் கேட்டாலும் கதை இப்படித்தான் முடிகிறது.

நான் சொன்ன பெரிய குறை இதுதான். 2024 தொடக்கத்தில் அந்த நான்கு குழு ஏற்பாட்டை முடித்துவிட்டு, ஆயுத ஏற்றுமதிக் கண்காணிப்பை வணிகக் குழுவிடம் மட்டும் ஒப்படைத்தார்கள். நிர்வாகத்துக்கு வசதிதான். நான்கு குழுக்களின் தேதியை ஒத்துப் போக வைப்பது தலைவலி என்பது புரிகிறது, எங்கள் கம்பெனியில் மூன்று பேரை ஒரு மீட்டிங்குக்குக் கூட்டவே முடிவதில்லை. ஆனால் நாற்காலி போய்விட்டது. சர்வதேச வளர்ச்சிக் குழு இப்போது சூடானின் பஞ்சத்தைத் தன் அறையில் பேசுகிறது, வணிகக் குழு உரிமத்தைத் தன் அறையில் பேசுகிறது. சூடான் போர் 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் சூடான் தீர்மானங்களை எழுதும் பொறுப்பு பிரிட்டனிடம். 2024 ஆகஸ்டில் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதியானது. 2025 அக்டோபரில், அந்தப் போர்க்களத்தில் பிரிட்டன் தயாரிப்பு என்ஜினும் பயிற்சி இலக்குக் கருவிகளும் கிடைத்ததாகப் பாதுகாப்பு அவைக்குக் கொடுக்கப்பட்ட ஆவணங்களை வைத்துச் செய்தி வந்தது. வேறு நாட்டுக்கு விற்றது கைமாறி எப்படி அங்கே போனது என்று கேட்க, பஞ்சம் தெரிந்தவரும் உரிமம் தெரிந்தவரும் ஒரே மேசையில் வேண்டாமா?

சரி, அவர்களைக் குறை சொல்லிக்கொண்டே போனால் எப்படி, நம் பக்கம்? இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25-ல் 23,622 கோடி ரூபாய். 2029-க்குள் 50,000 கோடி இலக்கு. கோவையும் சேலமும் ஓசூரும் 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கின்றன. ஆக, இது நம் ஊர் விஷயமும்தான். என் பெரியப்பா மகன் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இந்தப் பாகமெல்லாம் எங்கே போகிறது அண்ணா என்று கேட்டேன். “எனக்கென்ன கண்ணு தெரியும்? டிராயிங்ல பார்ட் நம்பர்தான் இருக்குது. டாலரன்ஸ் வந்தா காசு, வரலீன்னா ஸ்கிராப்பு. பம்புக்குப் போகுதோ பீரங்கிக்குப் போகுதோ, அந்த நம்பருக்குத்தான் தெரியும்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஜாப் ஒர்க்கில் மேலே போய்க் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

அவருக்குத் தெரியாதது டெல்லியில் தெரியுமா என்று மக்களவைக் கேள்வி பதில்களைப் படித்தேன். மொத்தத் தொகை சொல்கிறார்கள், பெருமையாகவே சொல்கிறார்கள். எந்த நாட்டுக்கு எந்தப் பொருள் என்ற இடம் வந்ததும், பாதுகாப்பு நலன் கருதி விவரம் வெளியிட இயலாது என்ற மாதிரி ஒரு வரியில் முடிந்துவிடும். நாடு வாரியாக, உரிமம் வாரியாக மூன்று மாதத்துக்கொரு பட்டியல் இங்கே இல்லை. இஸ்ரேலுக்கான ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய பொதுநல வழக்கை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வெளியுறவுக் கொள்கை எங்கள் எல்லைக்குள் வராது என்று தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் காட்டினால் நாடாளுமன்றம் யாரைக் காட்டும்? லண்டன் சேவைக்கு நான்கு மதிப்பெண் போட்டதற்குக் காரணம் புரிந்திருக்கும். தாமதமாக வரும் ரசீதைத் திட்டுவதற்காவது ரசீது கையில் வேண்டும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: பட்டியலில் தொடங்காதீர்கள், வகை எண்களில் தலை சுற்றும். ஆயுத வணிக எதிர்ப்பு இயக்கமான சி.ஏ.ஏ.டி. அதே அரசுத் தரவை நாடு வாரியாகத் தேடும்படி மாற்றி வைத்திருக்கிறது, அது சுலபம். 2009 ஆகஸ்ட் அறிக்கையில் இலங்கை என்று தேடிப் படியுங்கள், உடனே அரசு கொடுத்த பதிலையும் எடுங்கள். அறிக்கையை மட்டும் படித்தால் பாதிக் கதைதான். 2016 செப்டம்பரின் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024-க்குப் பிந்தையதை வணிகக் குழுவின் பக்கத்தில்தான் தேட வேண்டும். சூடானில் சாப்பாடு போகிறதா என்ற விவரம் அதே கட்டடத்தின் இன்னொரு குழுவின் பக்கத்தில், வேறு தேதியில் இருக்கும். இரண்டு ஜன்னல் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.